வெள்ளைப் பொடியில மீதி அரை சதவீதம்

தமிழ் வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு லிஸ்ட் அடிக்கடி சுத்தும். "பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, 330-ன்னு போட்டிருந்தா தூக்கி எறிஞ்சிடுங்க, புற்றுநோய் வரும், பத்து பேருக்கு அனுப்புங்க." நெய்வேலி டவுன்ஷிப் குடும்பங்களும் அனுப்பும், பண்ருட்டி சொந்தக்காரங்களும் அனுப்புவாங்க.

உணவுல சேர்க்கிற பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசையில (ஐஎன்எஸ்) 330 யாருன்னா சிட்ரிக் ஆசிட். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா நாக்குல படுதே, அந்தப் புளிப்புதான்.

இந்த லிஸ்ட்டோட பூர்வீகம் பிரான்ஸ். 1976 வாக்குல, பாரிஸ் பக்கத்துல இருக்கிற வில்ஜுஃய்ப் ஊரோட புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதுன்னு சொல்லி ஒரு துண்டுச்சீட்டு பரவுச்சு. அதுல எல்லாத்தையும் விட ஆபத்தானதுன்னு போட்டிருந்தது இந்த 330-ஐத்தான். "எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு அந்த மருத்துவமனையே மறுத்துச்சு. ஆனா சீட்டு நிக்கல. ஜெராக்ஸ்ல ஓடி, ஃபேக்ஸ்ல ஓடி, இப்ப மொபைல்ல ஓடுது.

எரிச்சல் வர்றது அந்தப் பொய்யால மட்டும் இல்லங்க. பயம் தப்பான இடத்துல உட்கார்ந்திருக்கே, அதனாலதான். 330-ஐப் பார்த்துப் பதறுற அதே வீட்டுல வித்தியாசமா இன்னொண்ணு நடக்கும். அக்கம்பக்கத்துல விக்கிறதுக்கு எலுமிச்சை சிரப்போ, நன்னாரி சர்பத்தோ, ஊறுகாயோ போட ஆரம்பிப்பாங்க. கடைக்குப் போவாங்க.

"அண்ணே, லெமன் சால்ட் ஒரு கிலோ."

"லூஸா போடட்டுமாக்கா, பாக்கெட்டா?"

"எது கம்மியோ அதைக் குடுங்க."

அதே சிட்ரிக் ஆசிட்தான், லெமன் சால்ட்ங்கிற பேருல, வெள்ளைப் பொடியா பாலிதீன் கவர்ல வரும். மேல ஒரு எழுத்து இருக்காது. யார் தயாரிச்சது, எப்ப தயாரிச்சது, எதுக்காகத் தயாரிச்சது, எதுவும் தெரியாது. ரப்பர் பேண்ட் மட்டும் இருக்கும். பயப்பட வேண்டிய இடம் இதுதான்!

ஆசிட்டோட பழகுன ஊர் நெய்வேலி. 1956-ல நிலக்கரி நிறுவனம் வந்ததுலேர்ந்து ரெண்டு மூணு தலைமுறை அங்க வேலை பார்த்திருக்கு. அனல்மின் நிலையத்துல கொதிகலனுக்குப் போற தண்ணியில உப்பே இருக்கக் கூடாது. அதைப் பிரிச்செடுக்கிற டிஎம் பிளான்ட்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் புழங்கும். கொதிகலன்ல பாஸ்பேட் உப்பு போடுறதும் வழக்கம். அதனால வீட்டுக்கு ஒருத்தராவது "ஆசிட்டா, சுத்தமா இருந்தா போதும், 99 சதவீதம் இருக்குல்ல?"ன்னு கேட்பாங்க. கொதிகலனுக்கு அந்தக் கேள்வி போதும். வயித்துக்குப் போதாது. மீதி 1 சதவீதத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சாகணும்.

இதை உலகம் கத்துக்கிட்ட விதம் ரொம்பக் கொடுமை. ரெண்டு கதை சொல்லணும், ஒண்ணு ஆசிட், ஒண்ணு உப்பு.

1900-ல இங்கிலாந்துல, மான்செஸ்டர், சால்ஃபோர்டு பக்கம், ஆளுங்களுக்குக் கை கால் மரத்துப் போக ஆரம்பிச்சுது. தோல் கருத்துச்சு, நடக்க முடியல. குடிகாரங்களுக்கு வர்ற நரம்பு வியாதின்னு முதல்ல நினைச்சாங்க. எர்னஸ்ட் ரெனால்ட்ஸ்ங்கிற டாக்டருக்கு மட்டும் சந்தேகம். நோயாளிங்க குடிச்ச பீரையே எடுத்துச் சோதிச்சார். ஆர்சனிக்!

பீருக்குள்ள அது எப்படி வந்துச்சு? பீருல போடுற சர்க்கரையைத் தயாரிக்கக் கந்தக அமிலம் வேணும். அந்த அமிலத்தைப் பைரைட்ஸ் கல்லை எரிச்சு எடுத்தாங்க. கல்லுக்குள்ள இருந்த ஆர்சனிக் அமிலத்துக்கு வந்து, அமிலத்துலேர்ந்து சர்க்கரைக்கு வந்து, கடைசியில டம்ளர் வரைக்கும் வந்துடுச்சு. 6,000 பேருக்கு மேல பாதிப்பு, குறைஞ்சது 70 சாவு. கெல்வின் பிரபு தலைமையில அரசு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துச்சு. ஆர்சனிக்கை நீக்குன அமிலமும் அப்பவே விலைக்குக் கிடைச்சுது. சர்க்கரை ஆலை அதுதான் வேணும்னு கேட்கல. அமிலம் வித்தவங்க, இது சாப்பாட்டுக்குப் போகுதுன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க.

ரெண்டாவது, 1955, ஜப்பான். மேற்கு ஜப்பான்ல கைக்குழந்தைங்களுக்குக் காய்ச்சல், வயித்துப்போக்கு, கல்லீரல் வீக்கம், தோல் கறுப்பு. எல்லாம் ஒரே கம்பெனி பால் பவுடர் குடிச்ச குழந்தைங்க. பால் சீரா கரையறதுக்காக டைசோடியம் பாஸ்பேட் உப்பு சேர்த்திருந்தாங்க. (இதுவும் இன்னைக்கு 339-ங்கிற எண்ணுல உணவுல அனுமதிக்கப்பட்ட உப்புதான்.) ஆனா அவங்க வாங்குனது, அலுமினியத் தொழில்ல பாக்சைட்டைச் சுத்திகரிக்கும்போது கழிவா வந்த சரக்கு. ஆர்சனிக்கோட வந்துச்சு. 12,000-க்கும் மேல குழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க, 100-க்கும் மேல இறந்துபோச்சுங்க.

இதுல நெய்வேலிக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதே வகைச் சரக்கை ஜப்பான் ரயில்வே, எஞ்சின் கொதிகலன் சுத்தம் பண்ண வாங்கியிருக்கு. சோதிச்சுப் பார்த்து, ஆர்சனிக் இருக்குன்னு திருப்பி அனுப்பிடுச்சு. ரயில் எஞ்சினுக்கு ஆகாதுன்னு போனது குழந்தைங்க பாலுக்கு வந்திருக்கு. ரயில்வே சோதிச்சுது, பால் கம்பெனி சோதிக்கல. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதெல்லாம் பழைய கதைன்னு ஒதுக்கவும் முடியாது. 2012-ல போலந்துல, ஒரு ரசாயன ஆலையில கழிவா வந்த தொழிற்சாலை உப்பை வருஷக்கணக்கா உணவு உப்புன்னு மூட்டை மாத்தி வித்தது வெளியில வந்துச்சு.

சரி, சாப்பாட்டுக்கு ஏத்த தரம், அதாவது ஃபுட் கிரேடுன்னா என்னதான்?

சிட்ரிக் ஆசிட்டையே எடுத்துக்குவோம். இப்ப அதை எலுமிச்சையிலேர்ந்து எடுக்கிறது இல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்ங்கிற கறுப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரைப் பாகை ஊத்தி வளர்த்தா சிட்ரிக் ஆசிட் குடுக்கும்னு 1917-ல ஜேம்ஸ் கரீங்கிறவர் காட்டினார், 1919-ல அமெரிக்காவுல தொழிற்சாலையில தயாரிப்பு ஆரம்பிச்சுது. இன்னைக்கு உலகத்துச் சரக்குல பெரும்பகுதி சீனாவுலேர்ந்து வருது. உணவுத் தரத்துக்கான சர்வதேச அளவு: தூய்மை 99.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈயம் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தூய்மைக்கு ஒரு வரின்னா, எதெது எவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறதுக்குப் பல வரி. சல்பேட், ஆக்சாலிக் ஆசிட், எரிச்சா மிஞ்சுற சாம்பல், எல்லாத்துக்கும் வரம்பு உண்டு.

இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. ஸ்கூல் லேப், காலேஜ் லேப்ல "எல்ஆர்"னு போட்ட பாட்டில் இருக்கும். அதுலயும் 99.5 சதவீதம்னு இருக்கும். "இது லேப் சரக்கு, இதைவிடச் சுத்தம் ஏது?"ன்னு தோணும். ஆனா அது உணவுக்கான வரம்புகளை வெச்சுச் சோதிச்ச சரக்கு இல்ல, உணவுக்குன்னு வெச்ச கருவியில தயாரிச்சு, உணவுக்குன்னு வெச்ச பையில அடைச்சதும் இல்ல. சாப்பாட்டுல போடக் கூடாது.

25 கிலோ மூட்டையா வர்ற சரக்கைக் கொஞ்சம் நின்னு படிக்கணும். தயாரிச்சவங்க பேரு, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, உணவுத் தரம்ங்கிற குறிப்பு, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) குடுத்த 14 இலக்க எண். அந்த பேட்ச் நம்பருக்கு உரிய சோதனைச் சான்றிதழ் (கடைக்காரங்க சிஓஏ-ன்னு சொல்லுவாங்க) கேட்டா நல்ல டீலர் குடுப்பாங்க. சான்றிதழ்ல இருக்கிற பேட்ச் நம்பரும் மூட்டையில இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பார்க்கணும். போன வருஷத்து ஜெராக்ஸை நீட்டினா வேண்டாம்னு சொல்லிடுங்க.

இன்னொரு வரியும் பாருங்க. அன்ஹைட்ரஸா, மோனோஹைட்ரேட்டா? ரெண்டும் சிட்ரிக் ஆசிட்தான், ஆனா மோனோவுல நூத்துக்கு எட்டரை பங்கு தண்ணி. அன்ஹைட்ரஸ் 100 கிராம் போடுற இடத்துல மோனோ 109 கிராம் போடணும். விலையை ஒப்பிடும்போதும் இந்தக் கணக்கு வரணும். சிரப்புக்கு எதுவும் பரவாயில்ல. இன்ஸ்டன்ட் லெமன் பொடி மாதிரி காஞ்ச கலவைக்கு அன்ஹைட்ரஸ்தான். கடலூர்க் காத்துல ஏற்கெனவே இருக்கிற ஈரம் போதாதா, பொடிக்குள்ளயே வேற தண்ணி எதுக்கு?

இப்ப நம்ம ஊர் சரக்குக்கு வருவோம். நெய்வேலியைச் சுத்தி என்ன விளையுது? பண்ருட்டி பலா. அந்தப் பக்கம் பூரா முந்திரிக்காடு. (விருத்தாசலத்துல முந்திரியையும் ஆராயற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வி.ஆர்.ஐ. முந்திரி ரகங்கள் அங்க வந்ததுதான்.) கொட்டையை எடுத்துட்டுப் பழத்தைக் காட்டுலயே விட்டுடுறாங்க. அந்தப் பழம் அழுகிப் போறதைப் பார்க்கிறப்ப மனசு கேட்காது. ஆரஞ்சைவிட நாலஞ்சு மடங்கு வைட்டமின் சி அதுல இருக்கு!

பிரச்சினை, தொண்டையைக் காறும். காரணம் டானின். கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரப்புன ஒரு முறை அதுக்கு இருக்கு. ஜவ்வரிசியைப் பொடிச்சுக் கஞ்சியா காய்ச்சி, ஆறவெச்சு, சாறுல கலக்கிடணும். ஒரு கிலோ சாறுக்கு 5 கிராம் ஜவ்வரிசி போதும். கொஞ்ச நேரத்துல கலங்கலா இருந்த மஞ்சள் சாறு திரிதிரியாத் திரியும், மெதுவா அடியில படியும். ராத்திரி பூரா அசைக்காம விட்டா மேல தெளிஞ்ச சாறு நிக்கும். அதை அலுங்காம வடிச்சு எடுத்தா காறல் பெரும்பாலும் போயிருக்கும். இரும்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தா கறுத்துடும்.

அடுத்து இதுல சர்க்கரை, சிட்ரிக் ஆசிட், கெடாம இருக்க ஒரு உப்பு. எந்த உப்பு?

பலரும் யோசிக்காம சோடியம் பென்சோயேட் (211) வாங்குவாங்க. சுலபமா கிடைக்கும். முந்திரிப்பழத்துக்கு அது சரியான தேர்வு இல்ல. பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பாட்டில்ல, இரும்பு, செம்புத் துளிகளோட, வெயில்லயும் சூட்டுலயும் கிடந்தா கொஞ்சம் பென்சீன் உருவாக வாய்ப்பிருக்கு. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. 1990-ல அமெரிக்காவுல குளிர்பானங்கள்ல இது தெரிய வந்துச்சு. 2005-06-ல மறுபடி கிளம்பி, பல கம்பெனிகள் ஃபார்முலாவை மாத்துனாங்க. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வெச்சிருக்கிற அளவே ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான்.

அதனால இவ்வளவு வைட்டமின் சி இருக்கிற பழத்துக்கு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (224) நல்லது. தொழில்ல எல்லாரும் கேஎம்எஸ்னுதான் சொல்லுவாங்க. வைட்டமின் சி-யையும் நிறத்தையும் அதுவே காப்பாத்தும். ஆனா கறுப்பு திராட்சை, நாவல்பழம், மாதுளைக்கு கேஎம்எஸ் போட்டா ஊதா நிறம் வெளுத்துப் போயிடும். அங்க பென்சோயேட்தான் வழக்கம். ஆக, எல்லாத்துக்கும் ஒரே டப்பா ஆகாது. பழத்தைப் பார்த்துட்டுத்தான் உப்பை எடுக்கணும்.

அளவு சொல்லணும். ஸ்குவாஷுக்கு 1955-ல வந்த பழப்பொருள் ஆணை வெச்சிருந்த வரம்பு, சல்பர் டைஆக்சைடா 350 பிபிஎம். அதாவது ஒரு கிலோவுக்கு 350 மில்லிகிராம். கேஎம்எஸ்ல சல்பர் டைஆக்சைடு 57 சதவீதம்தான். அப்ப ஒரு கிலோ ஸ்குவாஷுக்குப் போடக்கூடிய கேஎம்எஸ் சுமார் 0.6 கிராம், 10 கிலோவுக்கு 6 கிராம். ஸ்பூன் கணக்கு இங்க கூடவே கூடாது. கூம்பா ஒரு டீஸ்பூன் அள்ளினா எவ்வளவு வருதுன்னு யாருக்குத் தெரியும்? 0.1 கிராம் காட்டுற சின்ன தராசு ஒண்ணு கட்டாயம் வேணும். கேஎம்எஸ் டப்பாவைத் திறந்து வெச்சா ஈரக்காத்துல வாயு போய்ப் போய் வீரியம் குறையும். அதனால சின்ன பாக்கெட்டா வாங்கி இறுக்க மூடி வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஆசிட்டும் இந்த உப்பும் தனித்தனி சமாச்சாரம்னு நினைக்கிறதும் தப்பு. பென்சோயேட் வேலை செய்யறதே புளிப்பை நம்பித்தான். பிஎச் (புளிப்பை அளக்கிற எண், குறையக் குறைய புளிப்பு அதிகம்) 3-ல நூத்துக்கு 94 பங்கு வேலை செய்யற வடிவத்துல இருக்கும். பிஎச் 5-க்கு ஏறினா 14 பங்குதான். பிஎச் 6-ல ரெண்டு பங்கு கூடத் தேறாது. புளிப்பு பத்தலன்னா, உப்பை அள்ளிப் போட்டும் பிரயோஜனம் இல்ல. சட்டத்தை மீறுனதுதான் மிச்சம்.

இந்த இடத்துலதான் பலாப்பழம் ஆளை ஏமாத்தும். பலாச்சுளை தித்திப்பு, புளிப்பு ரொம்பக் கம்மி. அதோட பிஎச் 5 பக்கம் நிக்கும். காத்துப் புகாம அடைச்ச டப்பாவுல பிஎச் 4.6-க்கு மேல இருந்தா, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்ங்கிற கிருமி வளர்ந்து உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும். அதனால பலாச்சுளையைப் பாகுல போட்டு அடைக்கிறவங்க சிட்ரிக் ஆசிட் சேர்க்கிறது ருசிக்காக மட்டும் இல்ல, உயிருக்காக. "புளிச்சா யாரும் வாங்க மாட்டாங்க"ன்னு குறைக்கிறவங்க, குறைக்கிறதுக்கு முன்னாடி பிஎச் மீட்டர்ல பார்க்கணும். பாகுல மட்டும் பார்த்தா பத்தாது, சுளையை மசிச்சும் பார்க்கணும். புளிப்பு சுளைக்குள்ள இறங்க நேரமாகும்.

சிட்ரிக் மட்டும்தானா? இல்ல. புளிப்புக்குள்ளயே எத்தனையோ ஜாதி. சிட்ரிக் சுருக்குன்னு ஏறி சட்டுனு இறங்கிடும். மாலிக் (296) மெதுவா வந்து நாக்குல தங்கும், ஆப்பிள் புளிப்பு அது. டார்டாரிக் (334) நம்ம புளியில இருக்கிறது, புளி ஜூஸ், பானகம் மாதிரி சரக்குக்கு அதுதான் ஒத்துப்போகும். லாக்டிக் (270) மோர், தயிர் வாசனையோட சேரும். பாஸ்பாரிக் (338) கோலாவோட சொத்து. அதுலதான் தொழிற்சாலைத் தரத்துக்கும் உணவுத் தரத்துக்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம், ஆர்சனிக்கும் ஃப்ளோரைடும் பாறையிலேர்ந்தே கூட வரும். சின்ன அளவுல தொழில் பண்றவங்களுக்கு அது தேவையே இல்ல.

தண்ணியையும் மறந்துடக் கூடாது. காரத்தன்மை அதிகமான போர் தண்ணி, போட்ட புளிப்புல ஒரு பங்கைத் தின்னுடும். ஆர்ஓ தண்ணியில செஞ்சு பார்த்த ஃபார்முலாவை போர் தண்ணியில அப்படியே பண்ணினா புளிப்பு குறையும், பிஎச் ஏறும், கெடாம காக்குற உப்போட பலமும் சேர்ந்து குறையும். தண்ணி மாறினா மறுபடி பிஎச் பார்க்கணும்.

கடைசியா ஊறுகாய், அதோட உப்பு. உப்புல என்ன தேர்வுன்னு கேட்கலாம். இருக்கு. வீட்டுக்கு விக்கிற அயோடின் உப்புல, கடைக்கு வரும்போது குறைஞ்சது 15 பிபிஎம் அயோடின் இருக்கணும். நேரடியா சாப்பிட விக்கிற உப்புக்கு அயோடின் 2006-லேர்ந்து நாடு முழுக்கக் கட்டாயம். ஆனா பதப்படுத்துற தொழிலுக்கு அயோடின் இல்லாத உப்பை வாங்கச் சட்டத்துல இடம் இருக்கு. ஃப்ரீ ஃப்ளோ உப்புல கட்டிதட்டாம இருக்கச் சேர்க்கிற பொருள் உப்புத்தண்ணியைக் கலங்கலாக்கும். அதனால உப்புநீர் ஊறுகாய் போடுறவங்க அது சேராத, கழுவின உப்பைத் தேடுவாங்க. மரக்காணத்துலயும் தூத்துக்குடியிலயும் உப்புக்குப் பஞ்சமா என்ன? பார்க்க வேண்டியது, காஞ்ச கணக்குல சோடியம் குளோரைடு 96 சதவீதத்துக்கு மேல இருக்கணும். மெக்னீசியம் அதிகமா இருந்தா கசக்கும், மூட்டை கசிஞ்சு நிக்கும். தோலுக்கும் சாயத்துக்கும் விக்கிற தொழிற்சாலை உப்பு எவ்வளவு வெள்ளையா இருந்தாலும் அடுப்படிக்குள்ள வரக் கூடாது.

உப்புநீர் ஊறுகாய்னா உப்பு குறைஞ்சது 12 சதவீதம், வினிகர் ஊறுகாய்னா அசிட்டிக் ஆசிட்டா 2 சதவீதம், இது எஃப்எஸ்எஸ்ஏஐ கணக்கு. கிளேசியல் அசிட்டிக் ஆசிட் வாங்கித் தண்ணி கலந்து வினிகர் பண்ணினா, அது செயற்கை வினிகர்னு லேபிள்ல சொல்லியே ஆகணும். கலக்கும்போது தண்ணிக்குள்ள ஆசிட்டை ஊத்தணும், மாத்தி ஊத்தக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கணும். இதை நெய்வேலியில யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல, பிளான்ட்டுல வேலை பார்த்த அப்பாக்களும் சித்தப்பாக்களும் வீட்டுலயே இருக்காங்க.

பங்குனி, சித்திரையில முந்திரிப்பழம் உதிர ஆரம்பிச்சிடும். சிரப் போட நினைக்கிறவங்க அதுக்கு முன்னாடியே சிஓஏ-வோட சிட்ரிக் ஆசிட், சின்ன பாக்கெட் கேஎம்எஸ், தராசு, பிஎச் மீட்டர் எல்லாம் வாங்கி வெச்சுக்கலாம். பாட்டில் ரெடியானதும் லேபிள்ல எழுத வேண்டியது: முந்திரிப்பழச் சாறு, சர்க்கரை, தண்ணீர், அமிலத்தன்மை சீராக்கி (ஐஎன்எஸ் 330), பதப்படுத்தி (ஐஎன்எஸ் 224). அதுக்குக் கீழ இன்னொரு வரி, தெளிவா, பெருசா: "சல்ஃபைட் உள்ளது." ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தொட்டாலே அந்த வரி சட்டப்படி கட்டாயம். ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு சல்ஃபைட் மூச்சை இறுக்கிடும். அவங்க பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறப்ப தேடுறது அந்த வரியைத்தான்.